கறுப்பு அந்துப்பூச்சியின் கணக்கு

பரிணாமம் என்றாலே பாடப்புத்தகத்தில் இரண்டு படங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்றில் லைக்கன் படர்ந்த வெளிறிய மரப்பட்டை. அதில் ஒரு கறுப்பு அந்துப்பூச்சி பளிச்சென்று தெரியும். பக்கத்திலேயே இருக்கும் வெள்ளைப் பூச்சியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்றில் புகைக்கரி படிந்த கறுத்த மரம். அங்கே வெள்ளை மாட்டிக்கொள்ளும், கறுப்பு ஒளிந்துகொள்ளும். கீழே "தொழிற்சாலைக் கருமை, இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டு" என்று ஒரு வரி. இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதினோம், மறந்தோம்.

ஆனால் இந்தப் படங்களைப் பற்றி ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவை செத்த பூச்சிகள், மரத்தில் ஒட்டவைத்து எடுத்த படங்கள், ஆகவே பரிணாமமே ஒரு பித்தலாட்டம் என்பதுதான் அந்தச் செய்தி. இதில் பாதி உண்மை. புத்தகங்களில் வந்த படங்களில் பலவும் அப்படி ஏற்பாடு செய்து எடுத்தவைதான். அப்படியானால் அந்தப் பூச்சியின் கதையே பொய்யா? இதைத் தெரிந்துகொள்ள 1848இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கறுப்பு வந்த கதை

இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் பிஸ்டன் பெடுலேரியா. வெள்ளைச் சிறகின் மேல் மிளகுத்தூளைத் தூவியது போல இருப்பதால் ஆங்கிலத்தில் மிளகின் பெயரையே வைத்துவிட்டார்கள். இரவில் பறக்கும், பகலில் மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். லைக்கன் படர்ந்த பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

1848இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்ல்ஸ்டன் என்ற பூச்சி ஆர்வலர் முழுக்கக் கறுப்பான ஒன்றைப் பிடித்தார். அப்போது அது ஒரு அதிசயம். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. மான்செஸ்டர் அன்றைய பருத்தி ஆலைகளின் தலைநகரம். நிலக்கரிப் புகை லைக்கன்களைக் கொன்றது, மரங்களில் கரி படிந்தது. 1895 வாக்கில் மான்செஸ்டர் பகுதியில் கிடைத்த பூச்சிகளில் 98 சதவீதம் கறுப்பு!

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். கறுப்பும் வெள்ளையும் வேறு வேறு இனங்கள் அல்ல. ஒரே இனம், ஒன்றோடொன்று இணைந்து முட்டையிடும். மாறியது இரண்டு நிறங்களுக்கும் இடையிலான விகிதம்.

1896இல் டட் என்ற பூச்சியியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். கரி படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சி பறவைகளின் கண்ணில் பட்டுவிடுகிறது, கறுப்பு தப்பிக்கிறது, தப்பித்தது முட்டையிடுகிறது. இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருந்தாலும் பலர் ஏற்கவில்லை. மரத்தில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் பறவை கொத்தி யார் பார்த்தார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். யாரும் பார்த்துப் பதிவு செய்திருக்கவில்லை.

போட்டிக்கு வேறொரு விளக்கமும் வந்தது. 1920களில் ஹெஸ்லாப் ஹாரிசன் என்பவர், புகையோடு வரும் உலோக உப்புகள் இலைகளில் படிகின்றன, அவற்றைத் தின்னும் புழுக்களில் அந்த உப்புகளே கருமையை உண்டாக்குகின்றன என்றார். வேறு சில அந்துப்பூச்சி இனங்களை வைத்துச் சோதனையும் செய்து காட்டினார். மற்றவர்கள் அதே சோதனையைச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. விளக்கம் நிற்கவில்லை.

டார்வினுக்கே இது கைக்கு எட்டும் தூரத்தில் வந்து போயிருக்கிறது. 1878இல் ஆல்பர்ட் ஃபார்ன் என்பவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வேறொரு அந்துப்பூச்சி வெவ்வேறு மண்ணில் வெவ்வேறு நிறத்தில் இருப்பதையும், சுண்ணாம்புச் சூளைப் புகையால் கறுத்துப்போன ஒரு சரிவில் கறுத்த பூச்சிகள் அதிகமாகி வருவதையும் சொல்லி, இது தகுதியுள்ளது பிழைப்பதன் உதாரணமோ என்று கேட்டிருந்தார். இயற்கைத் தேர்வு மிக மெதுவாக நடப்பது, மனித ஆயுளில் பார்க்க முடியாது என்பதே டார்வினின் எண்ணம். அவர் உயிரோடு இருக்கும்போதே அது அவர் நாட்டில், பக்கத்து ஊர்களில் நடந்துகொண்டிருந்தது.

கூட்டு வட்டி

நான் பி.காம். படிப்பவன். இந்தக் கதையில் எனக்கு ஒட்டிக்கொண்ட இடம் 1924. அந்த வருடம் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு கணக்குப் போட்டார். 1848இல் அபூர்வமாக இருந்த கறுப்பு, ஐம்பது வருடத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாமாக ஆகிவிட்டது. இந்தப் பூச்சிக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறை. அப்படியானால் கறுப்புக்கு இருந்த சாதகம் எவ்வளவு?

அவர் கண்ட விடை: இரண்டு வெள்ளை பிழைத்துச் சந்ததி விட்டால், மூன்று கறுப்பு பிழைத்துச் சந்ததி விட வேண்டும். அதாவது 50 சதவீதச் சாதகம்.

இதைக் கூட்டு வட்டியாகப் பார்த்தால் எளிதில் புரியும். 100 பூச்சிகளில் 1 கறுப்பு, 99 வெள்ளை என்று தொடங்குவோம். ஒவ்வொரு வருடமும் வெள்ளைக்கு எதிரான கறுப்பின் விகிதம் 1.5 மடங்கு ஆகிறது என்று வையுங்கள். 99 கறுப்பு, 1 வெள்ளை என்ற நிலைக்கு வர அந்த விகிதம் 9,801 மடங்கு ஆக வேண்டும். கால்குலேட்டரில் 1.5ஐ 1.5ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். 23 வருடத்தில் தாண்டிவிடும். சாதகம் வெறும் 10 சதவீதம் என்றாலும் சுமார் 96 வருடம் போதும். பரிணாமத்துக்குக் கோடிக்கணக்கான வருடம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் மான்செஸ்டரில் ஏன் 23 வருடத்தில் முடியவில்லை? மரபணுதான் காரணம். கறுப்பு ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு. ஒரு கறுப்புப் பூச்சி தனக்குள் ஒரு வெள்ளை மரபணுவை மறைத்து வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு கறுப்புகள் சேர்ந்தால் வெள்ளைக் குஞ்சும் பிறக்கும். ஒளிந்திருக்கும் மரபணுவைப் பறவையால் கொத்த முடியாது. அதனால் கடைசிக் கட்டத்தில் வெள்ளை குறைவது மந்தமாகிவிடும். ஹால்டேன் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார். மெண்டலின் மரபியலையும் டார்வினின் இயற்கைத் தேர்வையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்த ஆரம்பகால வேலைகளில் இது முக்கியமானது.

(ஹால்டேன் நமக்கு அந்நியர் அல்ல. 1957இல் இந்தியா வந்தார். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தார், இந்தியக் குடியுரிமை பெற்றார், 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.)

50 சதவீதம் என்பது அன்று யாரும் எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய எண். ஒரு சதவீதச் சாதகமே அதிகம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். காகிதத்தில் கணக்கு சரி, காட்டில் உண்மையில் அப்படி நடக்கிறதா என்று பார்க்க இன்னும் 29 வருடம் ஆனது.

கெட்டில்வெல் காட்டுக்குப் போகிறார்

பெர்னார்ட் கெட்டில்வெல் மருத்துவர். பூச்சிப் பித்து முற்றி ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். அங்கே அவரை வழிநடத்தியவர் ஈ.பி. ஃபோர்டு. 1953இல் கெட்டில்வெல் பர்மிங்ஹாம் அருகே கரி படிந்த ஒரு காட்டுக்குப் போனார்.

முறை இதுதான். பூச்சிகளின் சிறகுக்கு அடியில், பறவைக்குத் தெரியாதபடி, ஒரு பொட்டு பெயிண்ட் வைப்பது. காலையில் மரங்களில் விடுவது. இரவில் விளக்கும் பெண் பூச்சிகளும் வைத்த பொறிகளில் மறுபடி பிடிப்பது. பொட்டு வைத்தவற்றில் எந்த நிறம் எத்தனை திரும்பியது என்று எண்ணுவது.

விட்ட 447 கறுப்பில் 123 திரும்பின, 27.5 சதவீதம். விட்ட 137 வெள்ளையில் 18 மட்டுமே திரும்பின, 13.1 சதவீதம். கறுப்பு பிழைப்பது இரண்டு மடங்கு!

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கும். கறுப்புக்கு விளக்கு வெளிச்சம் அதிகம் பிடிக்கிறதோ, கறுப்பு இயல்பிலேயே உடல்வலு கூடியதோ? அதனால் 1955இல் டார்செட் பகுதியில் புகை படாத, லைக்கன் நிறைந்த காட்டில் இதையே மறுபடி செய்தார். 473 கறுப்பை விட்டதில் 30 திரும்பின, 6.3 சதவீதம். 496 வெள்ளையை விட்டதில் 62 திரும்பின, 12.5 சதவீதம். காடு மாறியதும் கணக்கு அப்படியே புரண்டுவிட்டது.

பறவை கொத்தி யார் பார்த்தது என்ற பழைய கேள்விக்கும் பதில் கிடைத்தது. பின்னாளில், 1973இல், நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன் மறைவிடத்தில் உட்கார்ந்து, பறவைகள் பூச்சிகளைக் கொத்துவதைப் படமே எடுத்துவிட்டார். டார்செட்டில் கண் எதிரே தின்னப்பட்ட 190 பூச்சிகளில் 164 கறுப்பு, 26 வெள்ளை.

அதன் பிறகுதான் அந்த இரண்டு படங்களும் உலகத்தின் பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்தன.

குற்றப்பத்திரிகை

அடுத்த நாற்பது வருடங்களில் ஆராய்ச்சியாளர்கள் கெட்டில்வெல்லின் வேலையைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். குறைகள் கிடைத்தன. பூச்சி இரவில் தானே இடம் தேடி உட்காரும். இவர் பகலில் கொண்டுபோய் மரத்தண்டில் வைத்தார். இயல்பாக இருப்பதைவிட நெருக்கமாகப் பல பூச்சிகளை விட்டார். காட்டில் பிடித்தவற்றையும் கூண்டில் வளர்த்தவற்றையும் கலந்தார். புத்தகப் படங்களின் விஷயத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

1998இல் கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ் தன் புத்தகத்தில் இந்தக் குறைகளை எல்லாம் ஒளிக்காமல் எழுதினார். அதை 'நேச்சர்' இதழில் விமர்சித்த ஜெர்ரி காய்ன், சின்ன வயதில் கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமில்லை என்று தெரிந்தபோது வந்த ஏமாற்றத்தோடு தன் நிலையை ஒப்பிட்டார். இருவருமே பரிணாமத்தை ஏற்றவர்கள் என்பது முக்கியம். ஆனால் பரிணாமத்தை எதிர்த்தவர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

2002இல் ஜூடித் ஹூப்பர் என்ற பத்திரிகையாளர் ஒரு படி மேலே போய், மோசடி நடந்திருக்கலாம் என்கிற மாதிரி ஒரு புத்தகமே எழுதினார். பர்மிங்ஹாமில் முதலில் குறைவாகத் திரும்பிக்கொண்டிருந்த பூச்சிகள், ஃபோர்டிடமிருந்து ஒரு கடிதம் வந்ததும் திடீரென்று அதிகமாகிவிட்டன என்பது அவர் காட்டிய தடயம்.

கணக்கு படிப்பவர்கள் இங்கே கேட்க வேண்டியது: ரசீதில் தேதி என்ன? ஃபோர்டின் கடிதத்தில் இருந்த தேதி 1953 ஜூலை 1. எண்ணிக்கை கூடத் தொடங்கியதும் அதே ஜூலை 1. தபாலில் போட்ட கடிதம் மறுநாள்தானே போய்ச் சேரும்? தவிர, அந்த நாட்களில் அவர் விட்ட பூச்சிகளின் எண்ணிக்கையே அதிகம். கெட்டில்வெல் 1979இலேயே இறந்துவிட்டார். தனக்காகப் பேச அவர் இல்லை, தேதிகள் பேசின.

யாரும் ஒட்டவைக்காத பூச்சிகள்

மோசடி இல்லை என்பதால் மட்டும் முடிவு சரி என்று ஆகிவிடாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும். முதல் சாட்சி வானத்திலிருந்து வந்தது.

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடியது, ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதன் விளைவாக 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. மரங்கள் மெல்ல வெளுத்தன. பறவைக் கதை சரி என்றால் இனி கறுப்பு குறைய வேண்டும். லிவர்பூல் பக்கத்தில் சிரில் கிளார்க் என்ற மருத்துவப் பேராசிரியர் 1959இலிருந்து வருடா வருடம் பொறி வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஆரம்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கறுப்பு. 1990களின் நடுவில் 20 சதவீதத்துக்கும் கீழே. அமெரிக்காவின் மிச்சிகனிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே போன்ற வீழ்ச்சி. இந்த எண்களில் மரத்தண்டும் இல்லை, பசையும் இல்லை, புகைப்படமும் இல்லை. ஒரு நூற்றாண்டில் ஏறிய கணக்கு அரை நூற்றாண்டில் இறங்கியது.

இரண்டாவது சாட்சி மஜெரஸ். குறைகளைப் பட்டியலிட்டவரே சோதனையைத் திருத்திச் செய்யவும் கிளம்பினார். கேம்பிரிட்ஜில் தன் தோட்டத்தில் 2002 முதல் 2007 வரை ஆறு வருடம், 4,864 பூச்சிகள். மரக்கிளையைச் சுற்றி வலை கட்டி, இரவில் பூச்சியே தன் இடத்தைத் தேர்ந்துகொள்ள விட்டார். விடியும் முன் வலையை எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து எது காணாமல் போனது என்று பார்த்தார். நெருக்கமாக விடவில்லை. வௌவால்கள் நிறம் பார்த்துத் தின்கின்றனவா என்றும் தனியாகச் சோதித்தார், இல்லை. மரமேறித் தேடிக் கண்டுபிடித்த 135 பூச்சிகளில் ஏறத்தாழ பாதி கிளைகளில் இருந்தன, 35 சதவீதம் மரத்தண்டில். ஆக, மரத்தண்டில் உட்காரவே உட்காராது என்று எதிர்த்தரப்பு சொன்னதும் தவறு. ஒன்பது வகைப் பறவைகள் கொத்துவதை அவரே கண்ணால் பார்த்தார். தோட்டத்தின் மரங்கள் வெளுத்தவை, எனவே இழப்பு கறுப்புக்குத்தான் அதிகம்.

2007இல் ஸ்வீடனில் ஒரு மாநாட்டில் முடிவுகளைச் சொன்னார். முழுக் கட்டுரையாக எழுதும் முன் 2009இல் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன தரவுகளை வேறு நான்கு விஞ்ஞானிகள் எடுத்து, மறுபடி கணக்கிட்டு 2012இல் வெளியிட்டார்கள்.

மரபணு சொல்வது

மூன்றாவது சாட்சி பூச்சிக்கு உள்ளேயே இருந்தது. 2016இல் லிவர்பூலில் இலிக் சக்கேரியின் குழு கருமைக்குக் காரணமான மாற்றத்தைக் கண்டுபிடித்தது. பூச்சியின் டி.என்.ஏ.வில் இடம் விட்டு இடம் தாவக்கூடிய ஒரு துண்டு, கிட்டத்தட்ட 22,000 எழுத்து நீளம், 'கார்டெக்ஸ்' என்ற மரபணுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. (நிறத்தை நேரடியாக மாற்றுவது அந்த மரபணு அல்ல, அதன் அருகிலிருந்து உருவாகும் சிறிய ஆர்.என்.ஏ. என்று 2024இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இடம் அதேதான்.) சுற்றியுள்ள டி.என்.ஏ.வை வைத்து அந்தத் தாவல் எப்போது நடந்தது என்று கணித்தார்கள். சுமார் 1819.

1819! எட்ல்ஸ்டன் பிடித்த 1848க்கு ஏறக்குறைய முப்பது தலைமுறைக்கு முன்னால். புகை கருமையை உண்டாக்கவில்லை. எங்கோ ஒரு பூச்சியில் தற்செயலாக ஒரு பிழை நடந்தது. சுத்தமான காட்டில் நடந்திருந்தால் அந்த வம்சம் பறவைக்கு இரையாகி முடிந்திருக்கும். மரங்கள் கறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததால் அதுவே மூலதனமாகிவிட்டது. மாற்றம் குருட்டாம்போக்கில் வருகிறது, அதில் எது தங்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான்.

"சரி, கடைசியில் பூச்சி பூச்சியாகத்தானே இருக்கிறது, வேறு இனமாக மாறவில்லையே?" என்று கேட்பார்கள். ஆமாம், மாறவில்லை. மாறியது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒரே இனத்துக்குள் ஒரு மரபணுவின் விகிதம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. இனம் பிரிய வேண்டுமானால் கூட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் நெடுங்காலம் தனித்தனியே இருந்து, இப்படிப்பட்ட மாற்றங்கள் பல சேர வேண்டும். வட்டி ஏறும் விதம் இங்கே தெரிகிறது. முழுக் கணக்குக்கு வேறு பேரேடுகள் உண்டு.

வணிகவியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு எங்களைப் போல டெபிட், கிரெடிட் பக்கம் வருகிறவர்கள்தானே நாட்டில் அதிகம்? அவர்கள் கைக்குப் பாடம் வராது, அந்தச் செய்தி மட்டும் வந்து சேரும்.

ஆடிட் வகுப்பில் ஒன்று சொல்லித் தருவார்கள். ஒரு வவுச்சரில் குறை இருந்தால் குறித்துவை, பிறகு அதே தொகையை வேறு வழியில் சரிபார். இந்தப் பூச்சியின் கணக்கை நூறு வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் குறை கண்டுபிடித்தவர்களே. ஹால்டேனின் காகிதக் கணக்கு, கெட்டில்வெல்லின் பொட்டு வைத்த பூச்சிகள், கிளார்க்கின் பொறி, மஜெரஸின் தோட்டம், லிவர்பூலின் டி.என்.ஏ. ஐந்தும் ஐந்து வழி, விடை ஒரே பக்கம்.

அந்தச் செத்த பூச்சிச் செய்தியை யாராவது உங்களுக்கு அனுப்பினால், ஆமாம், படம் ஒட்டவைத்ததுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அப்படியே லிவர்பூல் பொறியில் 90இலிருந்து 20க்கு இறங்கிய கறுப்பை யார் ஒட்டவைத்தது என்றும் கேளுங்கள் :-)